ஒரு பழைய எஞ்சினும் பின்னற் குழாய்களும்



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் என்றால் தேர்வு, வருகை, ஒழுக்கம் என்னும் மூன்றைத் தவிர வேறொன்றும் இராது என்று எண்ணிப் புரட்டிவிடுவோர் உண்டு. அம்மூன்றையும் பள்ளி அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கு நான் எழுத விழைவது ஒரு மகிழுந்தின் எஞ்சினைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டிய செய்தி. 2024ஆம் ஆண்டின் விடுமுறை நாள்களிலும் வார இறுதிகளிலும் என் தாயார் வீட்டுப் பின்புறத்தில் இவ்வேலை நடந்தது. நம் பள்ளியில் பயின்ற ஒருவரும் இப்போது பயிலும் ஒருவரும் இதில் பங்கு கொண்டமையால் ஆண்டு மலரில் இதற்கு இடமுண்டு என்று கருதுகிறேன்.

மகிழுந்து என்று ஏட்டில் எழுதுகிறோம். லயத்தில் 'காடி' என்கிறோம். பிஸ்டனை உந்துதண்டு என்று பாடநூல் கூறலாம். பட்டறையில் அப்படிக் கேட்டால் எவரும் எடுத்துத் தரமாட்டார். ஆதலால் பட்டறையில் வழங்கும் சொற்களையே பெரிதும் கையாண்டிருக்கிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

வண்டி, 1987ஆம் ஆண்டில் செய்யப்பட்ட புரோட்டோன் சாகா. இளைய மாணவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். நம் நாட்டின் தேசிய மகிழுந்து நிறுவனமாகிய புரோட்டோன் 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் முதல் வண்டியாகிய சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளியிடப்பட்டது. அவ்வாண்டிலேயே பினாங்குப் பாலத் திறப்பின்போது அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் சாகா ஒன்றை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். சாகா என்பது செந்நிற விதையொன்றின் மலாய்ப் பெயர். தமிழில் அதனை மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் கூறுவர். பொன் நிறுக்க அவ்விதை பயன்பட்டது. சோழர் காலத்தில் 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு என்னும் கணக்கு வழங்கியது. என் தந்தையாருக்கு இவையெல்லாம் தெரியா. 'சாகா' என்பதை அவர் தமிழ்ச் சொல்லாகவே கொண்டார். "பெயரிலேயே சாகாது என்று இருக்கிறது, வண்டி எப்படிச் சாகும்?" என்பார்.

அவர் தோட்டத்து லோரி ஓட்டுநர். முதலில் ரப்பர்ப் பாலை ஆலைக்கு ஏற்றிச் சென்றார். ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபின் செம்பனைக் குலைகளை ஏற்றினார். அவர் இளைஞராக இருந்தபோது தோட்டத்தில் மகிழுந்து என்றால் துரையின் பங்களாவில் நிற்பது ஒன்றுதான். 1992ஆம் ஆண்டில் கூட்டுப் பணம் எடுத்து, ஐந்தாண்டு ஓடிய இந்தச் சாகாவை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அது எங்கள் குடும்ப வண்டியாக மட்டும் இருந்ததில்லை. நள்ளிரவில் எவருக்கு நோய் கண்டாலும் முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுக் கதவுதான்.

2009ஆம் ஆண்டில், தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சினின் பின்புறம், எளிதில் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருந்த ஒரு சாண் நீளமுள்ள நீர்க்குழாய் வெடித்திருந்தது. மேலிருந்து பார்க்கக்கூடிய குழாய்களெல்லாம் ஒருமுறையேனும் மாற்றப்பட்டவை. இஃது ஒன்று மட்டும் வண்டியோடு பிறந்தது. 22 ஆண்டுகள் வெப்பத்தில் வெந்து சருகாகியிருந்தது. நீர் முழுதும் வழிந்துபோனால் வெப்பத்தை உணரும் கருவி நீரில் மூழ்கியிராமல் வெறுங்காற்றில் நிற்கும். அப்போது வெப்பமுள் உயர்ந்து எச்சரிக்காமல் இருந்துவிடவும் கூடும். அன்று அப்படித்தான் நிகழ்ந்தது. அலுமினியத்தால் ஆகிய சிலிண்டர் தலை வெப்பத்தில் வளைந்தது. பிஸ்டன்கள் சிலிண்டர்ச் சுவரைக் கீறின. அந்த ஒரு சாண் குழாயின் விலை ஒருவேளைச் சோற்றின் விலையைவிட மிகுதியாக இராது.

இழுத்துவரப்பட்ட வண்டி தகரக் கொட்டகையின் கீழ் நின்றது. சரிசெய்ய வேண்டும் என்று தந்தையார் ஆண்டுதோறும் கூறினார்; பின்னர் நோயுற்றார்; 2019ஆம் ஆண்டில் காலமானார். பழைய இரும்பு வாங்குவோர் மும்முறை வந்து கேட்டனர். மூன்று முறையும் என் தாயார் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நம் பள்ளியில் 2016ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டை முடித்த மாணவர் ஒருவர் இன்று தொழிற்கல்லூரியில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் பயில்கிறார். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டமையால் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். இங்கிருந்தபோது கணிதம் அவருக்குக் கசந்தது. தசம எண்களைக் கண்டால் சன்னலுக்கு வெளியே பார்ப்பார். மூன்றாம் படிவத்திற்குப் பின் அவர் தொழிற்கல்லூரியைத் தேர்ந்தெடுத்தபோது அவருடைய தாயார் என் அலுவலகத்திற்கு வந்து கண்ணீர் விட்டார். "கையைக் கறுப்பாக்கிக் கொள்வதற்கா சார் இவனை இவ்வளவு தூரம் படிக்க வைத்தேன்?" என்று கேட்டார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் இதனைச் சொல்லியாக வேண்டும். நம் வட்டாரத்தில் மெக்கானிக்கைப் 'போமன்' என்கிறோம். போர்மன் என்னும் ஆங்கிலச் சொல் மலாய் மக்களின் வாயில் மருவி நம்மிடம் வந்தது. மேற்பார்வையாளர் என்பதே அதன் பொருள். பெயரில் மேன்மையைக் கொடுத்துவிட்டு, பெண் கொடுக்கும்போது மட்டும் முகத்தைச் சுளிக்கிறோம். நம் பிள்ளைகள் மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும், மகிழ்ச்சியே. மருத்துவரின் வண்டி வழியில் நின்றால் யாரை அழைப்பது என்பதையும் பெற்றோர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

"ஐயா, பாட்டி வீட்டுச் சாகாவை நான் பிரித்துப் பார்க்கட்டுமா?" என்று தம்பி கேட்டபோது நான் உடனே இசைந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மரவேலையும் உலோகவேலையும் சிறிது கற்றவன் நான். அரமும் வாளும் பிடிக்கத் தெரியும். எஞ்சின் வேலைக்கு அவரே ஆசான், நான் எடுபிடி. அவருடைய தங்கை, நம் பள்ளி ஐந்தாம் ஆண்டு மாணவி, தாமாகவே வந்து கிராணிப் பொறுப்பை ஏற்றார். தந்தையாரின் ஐந்தாம் ஆண்டு நினைவு நாளன்று வண்டி ஓடவேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். அதற்குப் பதினோரு வாரங்கள் இருந்தன.

ஓர் எஞ்சினைப் பிரிப்பதற்குப் பெரிய அறிவு வேண்டுவதில்லை. பிரித்த உறுப்பு எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை மறவாமல் இருப்பதே அரிது. மைலோ டின்களையும் பிஸ்கட் டின்களையும் கழுவி வைத்துக்கொண்டோம். சிலிண்டர் தலையின் போல்ட்டுகளுக்காகத் தங்கை ஓர் அட்டையில் தலையின் படத்தை வரைந்து, அந்தந்தத் துளையில் அந்தந்தப் போல்ட்டைச் செருகினார். கனெக்டிங் ராடுகளின் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடக் கூடாது, ஒவ்வொரு மூடியும் தன் ராடோடு சேர்த்தே குடையப்பட்டது, வேறொன்றுக்குப் பொருந்தாது. தேய்ந்த உறுப்புகளும் அப்படியே. இத்தனை ஆண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகியவை மீண்டும் தம் இணையோடுதான் சேரவேண்டும். தங்கை எழுதிய பட்டியல் மொத்தம் ஒன்பது பக்கம். அது போன்ற தெளிவான கையெழுத்தை அவருடைய கட்டுரை ஏட்டிலும் காண ஆவலாக இருக்கிறேன்.

அடுத்து அளவை வேலை. சமதளச் சட்டத்தைச் சிலிண்டர் தலையின்மேல் குறுக்காக வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர்த் தகடு நுழையாவிட்டால் தளம் நேரானது எனக் கொள்ளலாம். எங்கள் தலையில் 0.12 மில்லிமீட்டர்த் தகடு தாராளமாக நுழைந்தது. கரும்பலகையில் தசமப் புள்ளியைக் கண்டு சன்னலைப் பார்த்த அதே தம்பி, "0.05க்கும் 0.12க்கும் இடையில் உள்ள 0.07தான் ஐயா வண்டியை நிறுத்தியது" என்று கூறினார். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய அவ்வளவே.

தலையைச் சமன்படுத்தவும் சிலிண்டர்களைக் குடையவும் ஈப்போவிலுள்ள ஒரு கடைசல் பட்டறைக்கு அனுப்பினோம். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 82 மில்லிமீட்டர், நான்கு சிலிண்டர்கள். பெருக்கிப் பார்த்தால் 1298 கன சென்டிமீட்டர் வரும். கீறல் மறையும்படி விட்டத்தை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன்களை வாங்கினோம். இப்போது கொள்ளளவு ஏறக்குறைய 1317. வட்டத்தின் பரப்பளவு தொடக்கப்பள்ளியில் இல்லை. கணக்கைச் சரிபார்க்க விரும்புவோர் இடைநிலைப்பள்ளி செல்லும் அண்ணன், அக்காளிடம் கேட்டுக்கொள்ளலாம். உடைந்திருந்த ராக்கர் ஆர்ம் ஒன்று மட்டும் 'பொத்தோங்' கடையில் கிடைத்தது. பழைய வண்டிகளை வெட்டி உறுப்பு உறுப்பாக விற்கும் அக்கடைகள் நம் நாட்டில் இல்லையெனில் பாதி வண்டிகள் கொட்டகையில்தான் நிற்கும்.

எஞ்சின் ஊர் திரும்பக் காத்திருந்த வாரத்தில் தம்பி ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஃகுக் கம்பியால் பின்னப்பட்ட குழாய். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் வாங்கியது. வெயிலில் அது மின்னிற்று. என் தாயார் கையில் வாங்கிப் பார்த்து, "வெள்ளி அரைஞாண்போல் இருக்கிறதே!" என்றார். வண்டியிலுள்ள எல்லாக் குழாய்களையும் இதனால் மாற்றிவிட வேண்டும், எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி ஒன்றையும் பொருத்திவிட வேண்டும் என்பது தம்பியின் திட்டம். எண்ணெய் குளிர்விப்பான் பந்தய வண்டிக்கு உரியது. பாட்டியைக் கோயிலுக்கு ஏற்றிச்செல்லும் வண்டிக்கு அது வீண்செலவு என்று நான் கூறினேன். குழாய்களைப் பற்றி மட்டும் மூவரும் அமர்ந்து பேசினோம்.

பின்னற் குழாய் என்பது இரண்டு பகுதிகளால் ஆனது. உள்ளே இருப்பது செயற்கை ரப்பர்க் குழாய். பெட்ரோலையோ எண்ணெயையோ சிந்தாமல் கொண்டு செல்வது அதன் வேலை. வெளியே இருப்பது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல். உள்ளழுத்தத்தால் ரப்பர் பருத்து வெடிக்காமல் இறுகப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பின்னல் ஒருபோதும் கசிவைத் தடுப்பதில்லை. கூடையில் நீர் நிற்குமா? ரப்பர் தனியே அழுத்தத்தைத் தாங்குவதுமில்லை. பின்னலின் சாய்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. குழாயின் நீளவாட்டத்திற்குக் கம்பிகள் ஏறக்குறைய 54.7 பாகை சாய்ந்திருந்தால், அழுத்தம் ஏறும்போது குழாய் நீளவும் நீளாது, குறுகவும் குறுகாது. சாய்வு அதனினும் குறைந்தால் குழாய் பருத்துக் குறுகும். மிகுந்தால் மெலிந்து நீளும். குழாயின் சுற்றுவாட்டில் ஏற்படும் இழுவிசை நீளவாட்டு இழுவிசையைப்போல் இருமடங்கு என்பதே இக்கணக்கின் அடிப்படை. கல்யாணப் பந்தலுக்குத் தென்னங்கீற்று முடையும் நம் பெரியவர்கள் பாகைமானி இன்றியே சாய்வை அறிவர் என்பதையும் இங்கு நினைத்துக்கொண்டேன்.

இத்தகைய குழாய்களும் அவற்றின் முனைப்பூட்டுகளும் வானூர்தித் துறையிலிருந்து வந்தவை. பூட்டுகளை ஏ.என். என்னும் எழுத்துகளால் குறிப்பர். அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் வகுத்துக்கொண்ட பொதுத்தரம் அது. ஆர்மி, நேவி என்னும் சொற்களின் முதலெழுத்துகள். ஆறாம் எண் பூட்டு என்றால் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஆறு பங்கு. தங்கை அதனை உடனே எட்டில் மூன்று என்று சுருக்கிவிட்டார். இப்பூட்டின் முகம் 37 பாகைச் சரிவுடையது. உலோகமும் உலோகமும் பொருந்தியே அடைத்துக்கொள்ளும்; குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை நாடாவையோ பசையையோ இதில் பயன்படுத்தக் கூடாது.

நன்மை கூறியபின் குறையையும் கூறவேண்டும். முதலாவது, பின்னல் உள்ளே இருப்பதை மறைத்துவிடுகிறது. வெறும் ரப்பர்க் குழாய் முதுமையடைந்தால் வெடிப்பு தெரியும். விரலால் அழுத்தினால் கல்போல் இறுகியிருப்பதோ சேறுபோல் இளகியிருப்பதோ புரியும். பின்னற் குழாயில் உள்ளே ரப்பர் உளுத்தாலும் வெளியே வெள்ளி மின்னும். இரண்டாவது, கம்பிப் பின்னல் அரம் போன்றது. வண்டியின் அதிர்வில் எதனோடு உராய்கிறதோ அதனை அறுக்கும். பக்கத்துக் குழாயையும் அறுக்கும், பெயிண்டையும் அறுக்கும். மூன்றாவது, அது மின்கடத்தி. பாட்டரியின் முனையிலோ ஸ்டார்ட்டரின் முனையிலோ பட்டால் பொறி பறக்கும். உள்ளே ஓடுவது பெட்ரோல் என்றால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணி நாங்கள் செய்த முடிவு இதுதான். நீர்க்குழாய்கள் யாவும் புதிய வெறும் ரப்பர்க் குழாய்களாகவே இருக்கட்டும். அவற்றை அழுத்திப் பார்த்து அறிய முடியவேண்டும். இந்த வண்டியைப் படுக்க வைத்ததே ஒரு நீர்க்குழாய் அன்றோ! பிரேக் குழாய்களைப் பின்னலோடு, ஆலையிலேயே முனை பொருத்திச் சோதித்தவையாக வாங்கிக்கொள்வது. பிரேக்கை வலிந்து மிதிக்கும்போது அக்குழாயில் ஏறும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்கு; அது வீட்டுக் கொட்டகையில் செய்து பார்க்கும் வேலையன்று. பெட்ரோல் செல்லும் இரண்டு துண்டுகளை மட்டும் தம்பியின் சுருளிலிருந்து நாங்களே செய்வது. ஒன்று இரும்புக் குழாயிலிருந்து பம்பிற்கு. மற்றொன்று பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு. கார்புரேட்டர் எஞ்சினில் பம்பு தரும் அழுத்தம் மிதிவண்டி டயரின் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. பின்னல் இங்கு அழுத்தத்திற்காக வேண்டுவதில்லை. வெப்பத்திற்கும் உராய்விற்கும் காப்பாக இருக்கும். தம்பிக்கு முகம் சற்று வாடிற்று, இருப்பினும் ஒப்புக்கொண்டார்.

குழாய் செய்யும் முறையைச் சிறிது விரிவாகவே எழுதுகிறேன். வெட்டவேண்டிய இடத்தில் ஒட்டுநாடாவை இறுகச் சுற்றி, நாடாவின் நடுவே நுண்பல் வாளால் அறுக்க வேண்டும். நாடா இல்லையேல் கம்பிகள் விளக்குமாறுபோல் விரிந்துவிடும். விரிந்த ஒவ்வொரு கம்பியும் ஊசி. அறுத்த முனையை முதற்பூட்டினுள் திருகித் தள்ளி, பூட்டின் விளிம்பில் ஓர் அடையாளம் இடவேண்டும். பின்னர் இரண்டாம் பூட்டின் கூம்பில் எண்ணெய் தடவி, மெத்தென்ற தாடை வைத்த வைஸில் பிடித்துத் திருக வேண்டும். கூம்பு உள்ளே செல்லச் செல்ல ரப்பர் விரிந்து, கம்பிப் பின்னலோடு சேர்ந்து பூட்டின் சுவரில் நெருக்குண்டு நிற்கும். திருகும்போது குழாய் பின்னோக்கி நழுவக் கூடாது. அதனை அறியத்தான் அடையாளம். இரு பூட்டுகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சும்போது நிறுத்த வேண்டும். வாளின் தூளும் ரப்பர்த் தூளும் உள்ளே தங்காதபடி கழுவி, காற்று ஊதிக் காயவைக்க வேண்டும். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றேற்றி, வாளி நீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். கையுறை இருந்தும் என் விரல்களில் மூன்று கம்பிகள் ஏறின. என் தாயார் ஊசியால் எடுத்துவிட்டார், ஐந்து வயதுப் பிள்ளைக்கு முள் எடுப்பதுபோல.

சனிக்கிழமை இரவு இரு குழாய்களும் முடிந்தன. நீரில் அமிழ்த்தினோம், ஒரு குமிழியும் எழவில்லை. நினைவு நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. எஞ்சின் வண்டியில் ஏறிவிட்டது. குழாய்களை மாட்டினால் முடிந்தது. நான் உறங்கச் சென்றேன்.

மறுநாள் காலை கொட்டகைக்குச் சென்றபோது மேசைமேல் நீண்ட குழாய் நெடுக்காகப் பிளந்து கிடந்தது. அருகில் தம்பி உட்கார்ந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. புறப்படுமுன் பழக்கத்தால் குழாயை விளக்கிற்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒருமுறை உள்ளே பார்த்தாராம். முழுவட்டமாகத் தெரியவேண்டிய ஒளி பிறைபோல் தெரிந்ததாம். கூம்பைத் திருகும்போது அதன் விளிம்பு உட்பக்க ரப்பரை ஒரு நகத்தளவு சீவி, நாக்குப்போல் தொங்கவிட்டிருந்தது. நீர்ச் சோதனையில் இது தெரியாது. கசிவு இல்லை அன்றோ! மெதுவாக ஓட்டும்போதும் தெரியாது. பெட்ரோல் விரைந்து பாயும்போது அந்த நாக்கு தூக்கிக்கொண்டு வழியை அடைக்கும்.

"இங்கே ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும் ஐயா. பாட்டியை உட்கார வைத்து ரிங்லெட் மலை ஏறும்போதுதான் திணறும்" என்றார்.

எஞ்சிய சுருளில் மற்றொரு நீண்ட துண்டிற்கு இடமில்லை. புதிதாக வாங்க வேண்டும். அவர் கல்லூரிக்குத் திரும்பும் நாளும் வந்துவிட்டது. அடுத்த வாரக் கடைசியில்தான் வரமுடியும். ஆகவே நினைவு நாளன்று வண்டி ஓடாது. அதனைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். சாதாரண ரப்பர்க் குழாயை அப்போதைக்கு மாட்டலாமே என்று நான் கேட்டேன். மாட்டலாம், ஆனால் பூட்டுகளை ஏற்கெனவே இரும்புக் குழாயிலும் பம்பிலும் பொருத்திவிட்டதால் அவற்றையெல்லாம் கழற்ற வேண்டும், அவசரத்தில் பெட்ரோல் வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை என்றார். இருபது வயது இளைஞர் என்னிடம் இவ்வாறு மறுத்துப் பேசியது எனக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது. அந்தக் குழாயின் உள்ளே நான் பார்த்திருக்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். வேறு எவரும் பார்த்திருக்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

தாயாரிடம் நானே சொன்னேன். "பதினைந்து வருடம் நின்ற காடி, ஒரு வாரம் நிற்காதா?" என்று கூறிவிட்டு அவர் தேநீர் கலக்கச் சென்றார்.

நினைவு நாள் பூசை வண்டியின்றியே முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக் குழாயைச் செய்து, விளக்கில் நால்வரும் முறைவைத்துப் பார்த்து, மாட்டினோம். உராயக்கூடிய மூன்று இடங்களில் ரப்பர் பதித்த பிடிகளை இட்டோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை எஞ்சினை வெறுமனே சுழற்றினோம். புதிய பேரிங்குகள் எண்ணெயின்றி ஒரு கணமும் சுழலக் கூடாது. தீயணைப்புக் கருவியைத் தங்கை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் முயற்சியில் எஞ்சின் பற்றிக்கொண்டது. முதலில் இருமியது, பிறகு ஒரே சீராக ஓசையிட்டது. லயத்தில் பாதிப்பேர் வேலியருகே வந்துவிட்டனர். சூடேறியபின் வால்வு இடைவெளிகளை உள்ளே வரும் பக்கம் 0.15, வெளியேறும் பக்கம் 0.25 மில்லிமீட்டர் என்று வைத்தோம். தகட்டை எடுத்துக் கொடுத்தவர் தங்கை. ஒருமுறைகூட எண் மாறவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கியபின் ஒருநாள் தாப்பா வழியாக ரிங்லெட்டுக்கு ஏறினோம். தம்பி ஓட்டினார், முன்னிருக்கையில் என் தாயார், பின்னிருக்கையில் நானும் தங்கையும் அவர்களுடைய தாயாரும். வண்டி நின்றுபோன அந்த வளைவு எது என்று என் தாயார் காட்டினார். எஞ்சின் திணறவில்லை. அவ்வளைவைத் தாண்டியபின், அதுவரை பேசாது வந்த தம்பியின் தாயார் இருக்கையைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்தக் காடியில்தான் சார் இவனைப் பெற்றெடுக்கப் போனேன். உங்கள் அப்பாதான் ஓட்டினார். இவனுக்குத் தெரியாது." தம்பி கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு மீண்டும் பாதையைப் பார்த்து ஓட்டினார்.

பிளந்த அக்குழாயை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திற்குரிய அறையில், கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. வெளியே வெள்ளிப் பின்னல், உள்ளே கறுப்பு ரப்பர், அதில் நகத்தளவு நாக்கு. உருப்பெருக்கி இல்லாமலே தெரியும். பார்க்க விரும்புவோர் ஓய்வு வேளையில் என்னிடம் சாவியை வாங்கிக்கொள்ளலாம். முனைகளில் நாடா சுற்றியிருக்கிறோம். இருப்பினும் கம்பி விரலில் ஏறும், கவனம்.